வண்டி வாங்கப் போனோம்... மண்ணை நினைத்துக்கொண்டு திரும்பினோம்!

தருமபுரி மாவட்டத்தில் ஒரு மானாவாரி கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். கேழ்வரகு, துவரை, வரப்போரம் நாலு மாமரம். அதை மட்டும் நம்பினால் குடும்பம் ஓடாது என்பதால், 12 வருடமாக நான் ஜே.சி.பி ஆப்பரேட்டர். வண்டி இன்னொருவருடையது, எனக்குச் சம்பளமும் பேட்டாவும். ‘இன்னும் எத்தனை நாளைக்கு அடுத்தவர் வண்டியையே ஓட்டுவீங்க?’ என்று வீட்டில் கேட்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிவிட்டது. முன்பணத்துக்கு மனைவியின் நகை, அப்பாவின் நிலப்பத்திரம் இரண்டையும் மனதுக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான், பெங்களூரில் ‘எக்ஸ்கான்’ நடக்கப்போவதாகச் சொன்னார்கள். கட்டுமான இயந்திரங்களுக்காக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கண்காட்சி அது. 2025 டிசம்பரில் நான்கு பேர் கிளம்பினோம். நான், என் மச்சான், புதிதாக லீவர் பிடித்திருக்கும் ஒரு தம்பி, எங்களுக்கெல்லாம் தொழில் கற்றுக்கொடுத்த பெரியண்ணன். விடியற்காலை பஸ் ஏறி, ஓசூர் வழியாகப் பெங்களூர் போய், மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோ பிடித்தோம். அதன் கடைசி நிறுத்தம் மாதாவரா. தும்கூர் சாலையில் கண்காட்சி வளாகத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது.

பெயரில் ஒரு பாடம்

உள்ளே நுழைந்ததும் தம்பிக்கு வாய் மூடவில்லை. கல்குவாரிக்கான ராட்சத வண்டிகள், வீட்டுச் சந்துக்குள் புகும் குட்டி வண்டிகள் என்று கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். சேறு படாத பக்கெட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததாக மச்சான் சொன்னார்.

நாம் ஊரில் முன்னால் முறமும் பின்னால் கையும் உள்ள டயர் வண்டியை ‘ஜே.சி.பி’ என்போம். அது ஒரு கம்பெனியின் பெயர். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் 1945-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் அவை. செயினில் ஓடும் வண்டியை ‘ஹிட்டாச்சி’ என்போம். அது ஜப்பான் கம்பெனி. பேப்பரில் ‘பொக்லைன்’ என்று போடுவார்கள். அது பிரான்ஸ் கம்பெனியின் பெயர். எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் நமக்கு இந்த மூன்று பெயர்தான். ஆனால், வேலைக்கு அழைக்கும்போது பெயரைவிட, டயரா செயினா, எத்தனை டன் என்பதுதான் முக்கியம். டயர் வண்டி ரோட்டில் தானே ஓடி வரும். கன்றுக்குக் குழி, வாய்க்கால், சின்ன வேலைக்குத் தோது. ஆனால், பாரமெல்லாம் நாலு டயரில் இறங்குவதால் ஈர நிலத்தில் அழுந்தும். செயின் வண்டியில் பாரம் பரவி நிற்கும். பண்ணைக்குட்டை வெட்ட அதுதான் சரி. லாரியில் ஏற்றி வர வேண்டும் என்பதால் ஓரிரு மணி நேர வேலைக்குக் கட்டாது.

ஓரிடத்தில் பெரிய இன்ஜின் வண்டியின் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டேங்க் இருந்தது. புகையில் உள்ள நச்சைக் குறைக்க அதில் யூரியா கரைசல் ஊற்ற வேண்டுமாம். கட்டுமான வண்டிகளுக்கான புதிய புகை விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. “வயலுக்குப் போடற யூரியாவைக் கரைச்சு ஊத்தினா ஆகாதா?” என்று மச்சான் கேட்டார். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது. ஊற்றினால் அந்தச் சாதனமே கெட்டுவிடும். இதற்கென்று சுத்தமாகத் தயாரித்த கரைசல் தனியாக விற்கிறது.

திரையில் தெரியாத நிறம்

ஒரு ஸ்டாலில், கேபினுக்குள் டி.வி மாதிரி திரை வைத்த வண்டி. எத்தனை அடி ஆழம், எவ்வளவு சரிவு என்று கொடுத்துவிட்டால், பக்கெட் எங்கே இருக்கிறது என்பதைத் திரை காட்டிக்கொண்டே வரும். தம்பியை உட்காரவைத்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். மட்டம் பிசகவே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

பெரியண்ணன் மட்டும் மெதுவாகக் கேட்டார். “மட்டம் காட்டுது, சரி. மண்ணு நிறம் மாறுறதைக் காட்டுமா?”

அந்த ஒரு கேள்வியில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால், பக்கத்து ஊரில் ஒரு பெரியவரின் முக்கால் ஏக்கரைச் சமன் செய்யப் போனேன். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ள வேண்டும். முதலில் மேல்மண்ணை அரை அடிக்கு வழித்து ஓரமாகக் குவித்து, அடிமண்ணைச் சமன் செய்து, பிறகு மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். இது எனக்குத் தெரியும். ஆனால், வண்டி முதலாளி போனில் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “டியூ தேதி வருதுப்பா, சீக்கிரம் முடிச்சிட்டு அடுத்த வேலைக்குப் போ.” கறுப்பு மண்ணைப் பள்ளத்தில் தள்ளி, சிவந்த சரளையை மேலே விரித்துவிட்டு வந்தேன். நிலம் தாம்பாளம் மாதிரி மட்டமாக இருந்தது. பெரியவரும் சந்தோஷமாகக் காசு கொடுத்தார். அடுத்த இரண்டு வருடமும் அங்கே கேழ்வரகு ஒரு சாணுக்கு மேல் எழவில்லை.

நோட்டுப் புத்தகக் கணக்கு

மதியம் புளிச்சோறு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கணக்குப் போட்டோம். 30 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, நான்கு வருடத் தவணை என்றால் மாத டியூ சுமார் 76,000 ரூபாய். எங்கள் பக்கம் மணிக்கு 1,300 ரூபாய் வாடகை. டீசலுக்கு 465, டயர், பக்கெட் பல், கிரீஸ், இன்ஷூரன்ஸுக்கு 150, ஓட்டும் எனக்கு 150 கழித்தால் மிஞ்சுவது 535. அப்படியானால், டியூவுக்கு மட்டுமே மாதம் 142 மணி நேரம் வண்டி ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வயலுக்குள் வண்டி இறங்காது. அந்த மாதங்களின் பாக்கியையும் சேர்த்தால், மற்ற மாதங்களில் 170 மணி நேரம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே ஏழு வண்டிகள் நிற்கின்றன.

“டியூ இருக்கிறவன் கை வேகமா ஓடும்டா. மண்ணு அதைத் தாங்காது” என்றார் பெரியண்ணன்.

விற்பனையாளர் கொடுத்த அட்டையை வாங்கிப் பையில் வைத்தேன். கையெழுத்துப் போடவில்லை. தம்பிக்கு வருத்தம். ஓசூர் வரை அவர் யாரிடமும் பேசவில்லை.

வண்டியை அழைக்கும் முன்...

ஆப்பரேட்டராகவும் விவசாயி மகனாகவும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

* ‘மேல்மண்ணைத் தனியாகக் குவிக்க வேண்டும்’ என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். கூடுதல் நேரம் ஆகும், காசும் ஆகும். மிச்சம் பிடிக்க இது இடமல்ல.

* அரை அடி ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். வண்டியை இறக்காதீர்கள்.

* ஹவர் மீட்டரைத் தொடக்கத்திலும் முடிவிலும் ஆப்பரேட்டருடன் சேர்ந்து பார்த்து எழுதுங்கள். வந்துபோகும் நேரத்துக்கு வாடகை உண்டா என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

* புதைத்த பைப், கேபிள், மேலே போகும் மின்கம்பி எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள்.

* வேலை முடியும்வரை பக்கத்தில் இருங்கள். மண் நிறம் மாறினால் கை காட்டி நிறுத்துங்கள். நல்ல ஆப்பரேட்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஊர் திரும்பிய வாரம் அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். “தெரியும் தம்பி, அன்னைக்கு உன் போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சே” என்றார். இரண்டு வருடமாகத் தொழுவுரம் கொட்டி, சணப்பு விதைத்து மடக்கி உழுதுகொண்டிருக்கிறார். இந்த முறை கேழ்வரகு முழங்கால் உயரம் வந்திருந்தது. அவருடைய குப்பைமேட்டிலிருந்து ஏழு டிராக்டர் எருவை அன்று நான்தான் வாரிப் போட்டேன். வண்டி வாடகையை என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.