மின்சாரம் போன இரவும் எங்கள் மீன் தொட்டியும்



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நாங்கள் அதிராம்பட்டினத்தில் இருந்தோம். ஓடுகள் பறக்கும் ஓசைக்கு நடுவே குடும்பத்தார் அனைவரும் ஓர் அறையில் கூடி திக்ரு ஓதிக்கொண்டிருந்தோம். முன்கூடத்து மீன் தொட்டியை எவரும் நினைக்கவில்லை. விடிந்ததும் வெளியே சென்று, சாய்ந்து கிடந்த தென்னைகளைக் கண்டு, அண்டை வீட்டாரை நலம் விசாரித்துத் திரும்பிய பிறகே இளைய மகன் தொட்டியைக் காட்டினான். தங்கமீன்கள் ஆறும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாலைக்குள் நான்கு மடிந்தன. மறுநாள் மற்ற இரண்டும். அதே தொட்டியிலிருந்த கௌராமிகள் மட்டுமே பிழைத்தன. அவை நீருக்கு மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிக்க வல்லவை என்பது எங்களுக்குப் பின்னரே தெரிந்தது.

"வீடு இழந்தவர்கள் இருக்கையில் மீனுக்கா அழுகிறாய்?" என்று உறவினர் ஒருவர் மகனைக் கடிந்துகொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை மதரஸாவில் படித்திருந்த அவன், "நாமும் அடைத்துத்தானே வைத்திருந்தோம், வாப்பா?" என்று கேட்டான். நாங்கள் பதில் சொல்லவில்லை.

இத்தனைக்கும் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. அதன் 150 ஆம்பியர்-மணி பேட்டரி அன்றிரவு முழுவதும் விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் உழைத்தது. தொட்டியின் பிளக் அந்த இணைப்பில் இல்லை, அவ்வளவுதான். மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். சிறு காற்றுப் பம்பிற்கு 5 வாட் போதும். ஒரு விசிறியை நிறுத்தியிருந்தால் பதினைந்து தொட்டிகளுக்கு மூச்சு கிடைத்திருக்கும்.

பிறகு கணினிக்குரிய பழைய யுபிஎஸ் ஒன்றைத் தொட்டிக்கு வைத்தோம். நள்ளிரவில் மின்சாரம் போனால் அது வீட்டையே எழுப்பும்படி அலறியது. அதோடு, பம்பு உண்பதைவிட அதன் சுற்றுகள் உண்ணும் மின்சாரமே மிகுதி. எதிர்பார்த்த நேரத்தில் பாதிகூட அது நிற்கவில்லை. ஆகவே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள மூடிய பேட்டரி ஒன்றும், 12 வோல்ட்டிலேயே நேராக இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கினோம். எப்போதும் இணைப்பிலேயே இருக்கத்தக்க சார்ஜர் பேட்டரியை நிரப்பி வைக்கிறது. கணக்குப்படி 84 வாட்-மணி. ஆனால் பாதிக்கு மேல் வடியவிட்டால் பேட்டரி விரைவில் கெடும். 3 வாட் பம்பிற்கு அந்தப் பாதியே பதினான்கு மணி நேரம் வரும். பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைத்துள்ளோம். கீழே வைப்பவர்கள் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தாவிடில், பம்பு நின்றதும் நீர் பின்வாங்கி அதற்குள்ளேயே இறங்கிவிடும்.

யுஎஸ்பி பம்பைப் பவர்பேங்கில் இணைப்பது இன்னும் எளிது. ஆயினும் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவென்று கண்டு தானே அணைந்துவிடும் பவர்பேங்குகள் உண்டு; பகலில் சில மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

மின்சாரம் இல்லாத வேளையில் இரை போடுவதில்லை. உண்ட மீனுக்குக் கூடுதல் பிராணவாயு வேண்டும். கழிவும் நீரிலேயே தங்கும். வடிகட்டி நெடுநேரம் நின்றிருந்தால், உள்ளே அழுகிய நீர் தொட்டிக்குள் பாயாதபடி அதைக் கழுவிய பின்னரே மீண்டும் இயக்குவோம். பஞ்சைக் கழுவுவதும் தொட்டி நீரிலேயே. குழாய் நீரின் குளோரின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு இஷாவுக்குப் பின் மின்சாரம் போயிற்று. மகன் இருட்டில் தொட்டியருகே சென்று காது கொடுத்துக் கேட்டான். குமிழிகளின் ஒலி நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஃபஜ்ருக்கு எழுந்தபோதும் மின்சாரம் வந்திருக்கவில்லை. வடிகட்டியைக் கழுவுவதை நாங்கள் மறந்தே போனோம். மின்சாரம் வருமுன் உம்மாதான் கழுவி வைத்திருந்தார்.