எழுத்தாணி நின்ற இடம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காஞ்சிபுரத்தில் எழுத்தன்பர் சிலர் திங்கள்தோறும் கூடும் அவைக்கு முதன்முறையாகச் சென்றிருந்தோம். புதிதாக வருபவர் எழுந்து நின்று தம்மைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். நமக்கு முன் எழுந்த ஆசிரியை ஒருவர் தம் சிறுகதைத் தொகுதியை உயர்த்திக் காட்டினார். அடுத்து எழுந்த முதியவர், தாம் பாடிய வெண்பாக்கள் எத்தனை நூறு என்பதைச் சொல்லி அமர்ந்தார். நம் முறை வந்தது. ஊர் கூரம் என்று சொன்னோம். அதற்கு மேல் நா எழவில்லை. உயர்த்திக் காட்ட நம் கையில் ஒன்றுமில்லை.

"தாங்கள் என்ன எழுதுகிறீர்கள்?" என்று தலைமை வகித்தவர் அன்போடு வினவினார்.

எழுதுவதில்லை, பிறர் எழுதியதைச் செப்பனிடுகிறோம் என்றோம். அவையில் மெல்லிய சிரிப்பொலி எழுந்தது. "சிவப்பு மைக்காரர்!" என்று பின்வரிசையில் யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. அமர்ந்துவிட்டோம். அன்றைக்குச் சொல்லத் தவறியதை வாசக அன்பர்களிடமாவது சொல்லி ஆற வேண்டும் என்றுதான் இதை எழுதத் துணிந்தோம்.

நாம் எந்தப் பதிப்பகத்திலும் அச்சகத்திலும் சம்பளத்துக்கு இருப்பவர் அல்லோம். கையெழுத்துப்படியோ கணினியில் கோத்த படியோ நம் வீடு தேடி வரும். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வோம். ஒற்று மிகுமிடமும் மிகாவிடமும் பார்ப்பது வேலையில் சிறுபகுதியே. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய படிகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். துணைக்கால் நிற்க வேண்டிய இடத்தில் 'ர' வந்து உட்கார்ந்திருக்கும். ஒரே கட்டுரையில் ரமலான், ரமளான், ரமழான் என மூன்று பிறைகள் தோன்றும். அரபு மொழியின் அந்த எழுத்துக்கு நேரான ஒலி தமிழில் இல்லை. ஆதலால் மூன்றில் எதையும் பிழை என்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் ஒரு நூலுக்குள் ஒன்றுதான் இருக்கலாம். எதை வைப்பது என்று எழுதியவரைக் கேட்டால், "எது சரியோ அதை வையுங்கள்" என்பார். வைத்து நூல் வெளிவந்த பிறகு, அவருடைய மைத்துனர் தொலைபேசியில் அழைத்து நம்மோடு வழக்காடுவார்.

இது பெயர் தெரியாமல் செய்யும் பணி. அதில் நமக்குக் குறையில்லை. உமறுப் புலவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 5,027 விருத்தங்கள் கொண்ட அவருடைய சீறாப்புராணம் அச்சேறியது 1842இல். இடைப்பட்ட காலமெல்லாம் அது ஓலையில் பெயர்த்தெழுதப்பட்டே வந்தது. பெயர்த்தெழுதுவோர் கை தவறுவது இயல்பு. போதாக்குறைக்கு, ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கமும் இல்லை. குறிலும் நெடிலும் பல இடங்களில் ஒரே கொம்போடு நிற்கும். அத்தகைய ஏடுகளைத் தேடிப் பரிசோதித்து அச்சில் ஏற்றியவர், புலவர் நாயகம் எனப் போற்றப்படும் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். அவரே நான்கு காப்பியங்கள் பாடிய பெரும்புலவர். தம் பாட்டுக்குச் செலவிட்டிருக்கக்கூடிய நாள்களை இன்னொருவர் பாட்டுக்குக் கொடுத்தார். இன்று சீறாவை ஓதுவோர் நாவில் உமறின் பெயரே நிற்கிறது. அதுவே முறையும்கூட.

இனி நம் ஊர். காஞ்சிக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், வயலும் ஏரியுமாகக் கிடக்கும் சிற்றூர் அது. ஊருக்கு வெளியே கூரம் என்றால் அறிந்தோர் இருவகையினர். வரலாறு பயின்றோர், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகளைச் சொல்வர். அச்செப்பேடுகளில் நம் தொழிலுக்கு உறவான செய்தி ஒன்று உண்டு. பரமேசுவரமங்கலம் என்னும் ஊரை 25 பங்காக்கிய மன்னன், கோவில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கை ஒதுக்கினான். பிறர் நூலைப் பிறர்க்கு வாசித்துக் காட்டுபவனுக்கும் பங்கு கொடுத்த ஊர் நம்முடையது என்று கட்டணம் பேசும்போது ஓரிருவரிடம் சொல்லிப் பார்த்தோம். இரசித்தார்கள், தொகை மட்டும் உயரவில்லை.

மற்றொரு வகையினர் வைணவ அன்பர்கள். அவர்களுக்கு இது கூரத்தாழ்வான் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் அவருக்குச் சன்னதி உண்டு. இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்ல ஓலையில் எழுதியவர் அவரே என்பது குருபரம்பரை வழிவரும் வரலாறு. எழுதத் தொடங்குமுன் ஆசிரியர் ஒரு நிபந்தனை இட்டாராம்: தாம் சொல்வதில் எங்கேனும் உடன்பாடு இல்லையானால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். ஆன்மாவின் இயல்பைக் கூறும் இடம் வந்தது. அறியும் தன்மையுடையது ஆன்மா என்ற அளவில் இராமானுசர் சொன்னார். அது இறைவனுக்கே உரியது என்னும் கருத்து விடுபட்டிருந்தது. எழுத்தாணி நின்றது. ஆசிரியருக்குச் சினம் மூண்டது. எழுந்து போய்விட்டார் என்கிறார்கள். பின்னர்ச் சிந்தித்துப் பார்த்து, சீடர் நிறுத்தியது சரியே என்று கண்டு, திருத்திச் சொன்னாராம்.

இவ்வரலாற்றை நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். சமயத்தால் அது நமக்கு உரியதன்று, ஊரால் உரியது. சீடரின் துணிவை எல்லோரும் புகழ்வார்கள். நெடுங்காலம் நம் கண்ணிலும் அத்துணிவு மட்டுமே பட்டது. வேறொன்று படுவதற்கு நாம் ஒரு தவறு செய்ய வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், தென்கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த பெரியவர் தம் வாழ்க்கை வரலாற்றை நான்கு நோட்டுகளில் எழுதி அனுப்பியிருந்தார். அயல்நாட்டில் கடை வைத்துப் பாடுபட்டுப் பொருளீட்டித் திரும்பியவர். அதிகம் படித்தவரல்லர். எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. அவற்றைக் களைந்ததோடு நம் கை ஓயவில்லை. வாப்பா தந்தையானார். உம்மா தாயானார். ராத்தா தமக்கையானார். பசியாறினோம் என்று அவர் எழுதிய இடத்தில் காலையுணவு உண்டோம் என்று எழுதினோம். ஆணம் என்ற சொல் நம் வடபுலத்துக் காதுக்குப் புதிது. குழம்பு என்று மாற்றினோம். நூல் எந்த ஊராருக்கும் விளங்க வேண்டும் என்பது நம் வாதம். உண்மையில், நம் தமிழ் நன்றாயிருப்பதாக நமக்கொரு நினைப்பு.

மெய்ப்பைப் பார்த்துவிட்டுப் பெரியவர், "படித்தவங்க கை பட்டா அது தனி அழகுதான் தம்பி" என்று பதில் அனுப்பினார். நூல் வந்தது. அதைப் பேத்தி உரக்கப் படிக்க, பெரியவரின் மூத்த சகோதரி கேட்டுக்கொண்டிருந்தாராம். பத்துப் பக்கம் ஆனதும் அந்த அம்மையார், "இது யாரு கதை?" என்று கேட்டாராம். இதைப் பெரியவரே தொலைபேசியில் சிரித்துக்கொண்டு சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபதிப்பில் சரிசெய்துவிடுவோம் என்று சொன்னோம். மறுபதிப்பு வருமுன் அவர் மவுத்தாகிவிட்டார். நான்கு நோட்டுகளின் நகல் இன்னும் நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான், ஆழ்வான் அன்று தம் கைப்பட ஒரு சொல்லும் சேர்க்கவில்லை என்பது நமக்கு உறைத்தது. விடுபட்ட கருத்து இன்னதென்று அவருக்குத் தெரியும். எழுதும் கையும் அவருடையதே. ஒரு வரியைத் தாமே செருகிவிட்டு மேலே போயிருக்கலாம். அவர் நிறுத்தினார், அவ்வளவே. திருத்தியவர் நூலாசிரியர். நாமோ ஓரிடத்திலும் நிறுத்தாமல் நான்கு நோட்டுகளையும் முடித்தோம். பெரியவர் உயிரோடு, தொலைபேசி எட்டும் தூரத்தில் இருந்தார். ஆணம் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

இப்போது நம் வீட்டில் சிவப்பு மை இல்லை. பென்சில்தான். ஐயம் தோன்றும் இடத்தில் ஓரமாக ஒரு கோடிட்டு, கேள்வியாக எழுதி அனுப்புகிறோம். வேலை இருமடங்கு நாள் பிடிக்கிறது. இதற்குப் பொறுமையற்ற சிலர் வேறு ஆளைத் தேடிப் போயும் இருக்கிறார்கள்.

அன்றைக்கு அவை கலைந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் அருகில் வந்தார். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருப்பவராம், கவிதை எழுதுவாராம். மறுவாரம் நோட்டோடு கூரத்துக்கே வந்துவிட்டார். எல்லாம் தறியைப் பற்றிய பாடல்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல்லைக் காட்டினார்.

"கோர்வைன்னு எழுதியிருக்கேங்க. அது தப்பு, கோவைன்னுதான் இருக்கணும்னு ஒரு தமிழாசிரியர் சொன்னாரு. மாத்திடலாங்களா?"

இலக்கணப்படி ஆசிரியர் சொன்னது சரியே. பிழை திருத்தும் நூல்களில் அந்தச் சொல் பட்டியலிலேயே இருக்கிறது. தறியில் கோர்வை என்று எதைச் சொல்வார்கள் என்று கேட்டோம். அவர் விரல்களைப் பின்னிக் காட்டினார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், நாடா மூன்று. நெய்பவர் ஒருவரால் ஆகாது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்து கரைநாடாவை ஓட்ட வேண்டும். இரு நிறத்து ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடம்தான் கோர்வை. சேலை கிழிந்தாலும் அந்த இடம் விடக்கூடாது. "எங்க வீட்டுல அவங்கதாங்க அந்தப் பக்கம் நாடா போடுறது. இந்தப் பாட்டே அவங்களுக்குத்தான்" என்றார்.

பென்சிலை எடுத்து அந்தச் சொல்லின் கீழே புள்ளிகள் வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினோம். பக்கத்துக்கு எவ்வளவு என்று அவர் கேட்டார். முதலில் முழுவதும் படித்துவிடுகிறோம் என்று சொல்லி, அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்.