மாண்டோவி ஆற்றுக்கு அப்பால்

பழைய கோவாவில் புனித சவேரியாரின் திருவுடலை வணங்கச் செல்லும் நம் மக்களுள் பலர், அருகே ஓடும் மாண்டோவி ஆற்றுக்கு அப்பால் செல்வதில்லை. அதனைக் கடந்து வடகிழக்கே பிச்சோலிம் சென்ற நாங்கள், கோவாவின் வேறொரு முகத்தைக் கண்டோம். அங்கே குன்றுகள் படிக்கட்டுகளைப் போல் வெட்டப்பட்டு, பெருங்குழிகளாய்க் கிடக்கின்றன.

இவை திறந்தவெளி இரும்புச் சுரங்கங்கள். ஒரு டன் தாதுவைப் பெற, ஏறத்தாழ இரண்டு மூன்று டன் மண்ணை அகழ்ந்து குவிக்க நேரும். மழைக்காலத்தில் அம்மண் கரைந்து, செஞ்சேறாக வயல்களில் படியும். குழி நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே இறங்கும்போது, ஊறும் நீரை இறைத்து வெளியேற்றுவர். அண்டை ஊர்களின் கிணறுகள் வற்றும்.

ஆயினும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டவையும் இக்குழிகளே. தாதுவை லாரிகள் ஆற்றங்கரைக்கும், சரக்குப் படகுகள் மர்மகோவா துறைமுகத்திற்கும் சுமந்தன. அங்கிருந்து அது ஜப்பானுக்கும் சீனாவுக்கும் சென்றது. முறைகேடுகளின் காரணமாக 2012-இல் சுரங்கங்கள் நிறுத்தப்பட்டன. 2018-இல் உச்ச நீதிமன்றம் 88 குத்தகைகளை இரத்து செய்தது. கடன்பட்டு லாரியும் படகும் வாங்கியிருந்தோர் தவித்தனர். ஏலத்திற்குப் பின், 2024-இல் பிச்சோலிமில் பணி மீண்டும் தொடங்கிற்று.

கூலி வேண்டுமா, கிணறு வேண்டுமா என்று ஏழையைக் கேட்பது அறமாகாது; இரண்டும் அவனுக்கு உரியவை. தாது ஒருமுறை தோண்டினால் தீர்ந்துவிடும். நீரோ தலைமுறைதோறும் ஊற வேண்டும். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் பூமியை நமது பொது இல்லம் என்றார். அவ்வில்லத்தில் உழைப்போர்க்குக் கூலியும், தாகத்திற்குத் தண்ணீரும் ஒருங்கே கிடைக்க மன்றாடுவோமாக.