கைக்கு எட்டிய தில்லி

மத்திய அரசு குவார்ட்டர்ஸில் வளர்ந்த தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களைச் சுற்றிக் காட்டுவது. எல்.டி.சி. போட்டுக்கொண்டு வருகிறவர்கள், ஹரித்வாருக்குப் போகிற வழியில் இறங்குகிறவர்கள், இன்டர்வியூவுக்கு வந்து ஒரு வாரம் தங்கிவிடுகிறவர்கள். 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய பிறகு வரத்து இன்னும் கூடிற்று. முறுக்கு டின், புளிக்காய்ச்சல், வறுத்து அரைத்த காப்பிப் பொடி எல்லாம் அம்மா கைக்குப் போகும். வந்தவர்கள் என் கைக்கு வருவார்கள்.

முதல் நாள் பெரும்பாலும் 'தில்லி தர்ஷன்' பஸ். பிர்லா மந்திர், ஜந்தர் மந்தர், குதுப் மினார், ராஜ்காட், செங்கோட்டை என்று காலை தொடங்கி மாலைக்குள் எண்ணூறு வருஷத்தைக் காட்டி முடித்துவிடுவார்கள். செங்கோட்டைக்கு ஒதுக்கிய நேரத்தைவிட நடுவில் ஒரு கைவினைப் பொருள் கடையில் நிறுத்துகிற நேரம் அதிகம். வழிகாட்டி இந்தியில் சொல்வதை நான் அத்தைக்குத் தமிழாக்க வேண்டும். ஷாஜகான் மேல் அத்தைக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. "இவ்வளவு பெரிய கோட்டையில அடுப்படி எங்கடா வெச்சிருந்தாங்க?" என்பாள். இன்றுவரை அதற்கு ஒருவரும் எனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை.

அந்த நாட்களைப் பற்றி இப்போது நினைத்தால் கண்ணால் பார்த்ததைவிடக் கையால் தொட்டதுதான் முதலில் வருகிறது. குதுப் மினாருக்குள் ஏறலாம். உச்சி வரைக்கும் இல்லை, முதல் மாடம் வரை. உள்ளே சுழன்று சுழன்று போகும் குறுகல் படி. வௌவால் நாற்றம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே படியில் உரசிக்கொண்டு நகர, வெளிச்சம் போதாத இடங்களில் சுவரைத் தடவித்தான் கால் வைக்க வேண்டும். எத்தனை பேர் தடவிய கல்லோ, வழவழவென்று இருக்கும். மாடத்துக்கு வந்து வெளிக்காற்று முகத்தில் பட்டதும் சித்தப்பா, "தில்லி இவ்வளவுதானா? எல்லாம் ஒரே மரமா இருக்கு!" என்றார். அப்போது தெற்குத் தில்லி அப்படித்தான் இருந்தது.

1981 டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று நுழைவு இலவசம் என்பதால் கூட்டம் எப்போதுமே அதிகம். படிக்கட்டில் விளக்கு அணைந்தது, இருட்டில் நெரிசல். 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்றோடு அந்தக் கதவு பொதுமக்களுக்கு மூடப்பட்டது. மூடியது நியாயம்தான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. என் வயதுப் பிள்ளைகள் அவர்கள். ஆனாலும் அதற்குப் பின் வந்த உறவினர்கள் 72.5 மீட்டர் உயரத்தையும் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரி, அடுத்து எங்க?" என்று கேட்டபோது, எனக்கு அவர்கள் குதுப் மினாருக்கு வந்ததாகவே தோன்றவில்லை.

பக்கத்திலேயே இரும்புத் தூண் இருக்கிறது. குப்தர் காலத்தது. சுமார் 1,600 வருஷமாக வெயிலிலும் மழையிலும் நின்றும் துரு ஏறாதது. எங்களுக்கு அது வரலாறு அல்ல, விளையாட்டு. தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் பின்னால் வளைத்து, விரலோடு விரலைக் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும். வரிசையில் நின்று முயன்று பார்ப்பார்கள். கோக்க முடியாதவர்களை முன்பின் தெரியாத சர்தார்ஜிகள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்து உதவுவார்கள். ஒல்லி உடம்பும் நீளக் கையுமான சித்தப்பா ஒரே வீச்சில் கோத்துக் காட்டினார். அந்த வருஷமே அவருக்குப் பிரமோஷன் வந்தது. சித்தி கடைசிவரை தூணைத்தான் நம்பினாள், மேலதிகாரியை அல்ல. இரும்பில் பாஸ்பரஸ் கூடுதலாக இருப்பதால் மேலே மெல்லிய ஏடு ஒன்று படிந்து துருவைத் தடுக்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். எத்தனையோ ஆயிரம் வேர்வைக் கைகள் உராய்ந்து உராய்ந்து தூணின் அந்தப் பகுதி மட்டும் நிறம் மாறிப் பளபளத்தது. 1997-இல் சுற்றிலும் வேலி போட்டார்கள்.

கனாட் பிளேஸிலிருந்து செங்கோட்டைக்குப் போக பட்பட்டியைத்தான் பிடிப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்துக் கட்டிய ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளின் பின்பாதியை எடுத்துவிட்டு, எதிரெதிராக உட்காரும் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அது போடுகிற சத்தத்தில் உள்ளே பேச்சே எடுபடாது. ஓட்டுகிறவர் பெரும்பாலும் வயதான சர்தார்ஜி. ஹார்லியின் விலை தெரிந்த இந்தக் காலத்துப் பையன்களிடம், சில்லறைக் காசு கொடுத்து அதில் போனவன் நான் என்று சொன்னால் நம்புவதில்லை. 1998 வாக்கில், பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து அகற்றியபோது அதுவும் போயிற்று.

இந்தியா கேட்டுக்குப் பின்னால் ஒரு கல் மண்டபம் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் அதில் நின்றிருந்தார். 1968-இல் அவரைப் பெயர்த்து ஊர்க்கோடியில் உள்ள கொரனேஷன் பார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் பார்த்ததெல்லாம் காலி மண்டபம்தான். "இதென்னடா, சாமி இல்லாத கோயில்?" என்று அத்தை கேட்க, அப்பா, "சாமி ஊர்வலம் போயிருக்கார், இன்னும் திரும்பலை" என்றார். 2022-இல் அங்கே நேதாஜி கருங்கல்லில் வந்து நின்றுவிட்டார். அதே வருஷம் ஜனவரியில், 1972 முதல் இந்தியா கேட்டின் அடியில் எரிந்த அமர் ஜவான் ஜோதியையும் போர் நினைவுச் சின்னத்துச் சுடரோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கென்னவோ அந்தக் காலி மண்டபம் பிடித்திருந்தது. ஒரு ராஜா போய்விட்டான் என்பதை அதைவிடத் தெளிவாக எந்தச் சிலையும் சொல்லாது.

பிரகதி மைதானம் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அங்கே அப்பு கர் என்ற கேளிக்கைப் பூங்கா 1984-இல் திறந்து 2008-இல் மூடியது. ராஜ் ரேவால் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ், தூணே இல்லாமல் முக்கோணம் முக்கோணமாகக் கான்கிரீட் பின்னிய கூடாரம், 1972-இல் எழுந்தது. நவம்பர் கண்காட்சியில் கூட்டத்தில் பிரிந்தால் எல்லோரும் அதன் வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. 2017 ஏப்ரலில், ஓர் இரவில் இடித்துப் போட்டார்கள். குதுப் மினாருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நாற்பத்தைந்து வயசுக் கட்டடத்துக்கு அது கிடையாது.

என்னிடம் இன்னொரு சுற்றுலாவும் இருந்தது. மாசக் கடைசியில் வருகிற விருந்தினருக்கு அதுதான். டி.டி.சி.யின் முத்ரிகா பஸ் ரிங் ரோடில் ஒரு முழுச் சுற்று வரும். என்னிடம் மாணவர் பாஸ், மாதம் பன்னிரண்டரை ரூபாய். வந்தவர்களுக்கு மட்டும் டிக்கெட். தௌலா குவான், நாராயணா, பஞ்சாபி பாக், ஆசாத்பூர், செங்கோட்டையின் பின்மதில், ராஜ்காட், ஆசிரமம் என்று ஏறின இடத்திலேயே வந்து இறங்கலாம். தில்லியில் காய்கறி எங்கே வந்து இறங்குகிறது, லாரிகள் எங்கே தூங்குகின்றன, யமுனை எவ்வளவு மெலிந்து ஓடுகிறது எல்லாம் அதில் தெரியும். தர்ஷன் பஸ்ஸில் தெரியாது.

இப்போது விதவிதமான நடைச் சுற்றுலாக்கள் வந்துவிட்டன. தெருவில் வளர்ந்த பிள்ளைகளே பஹாட்கஞ்ச் சந்துகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள். வியாழக்கிழமை ஃபிரோஸ் ஷா கோட்லாவில் ஜின்களுக்கு மனு எழுதி வைக்கிறவர்களைப் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள். நல்ல காரியம்தான், கட்டணம் வாங்கட்டும். அந்தக் காலத்தில் எனக்கு ஒருவரும் நாலணா தந்ததில்லை.

சித்தப்பாவின் பேத்தி சில வருஷம் முன் ஒரு குளிர்காலத்தில் வந்திருந்தாள். நடைச் சுற்றுலா எல்லாம் முடித்துவிட்டு, "தாத்தா முத்ரிகா முத்ரிகான்னு சொல்லுவாரே பெரியப்பா, அது இன்னும் ஓடுதா?" என்றாள். ஓடுகிறது. கூட்டிப் போனேன். நவ்ரோஜி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கண்ணாடிக் கோபுரங்கள் நின்றன. எது எங்கள் வீடு இருந்த இடம் என்று கேட்டாள். விரலால் பொதுவாகக் காட்டினேன், அதற்குள் பஸ் தாண்டிவிட்டது. 2019 முதல் பெண்களுக்கு பஸ் இலவசமாகியிருந்தது. கண்டக்டர் அவளுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். எனக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது.