உம்மாவின் முக்காட்டில் கரும்புள்ளி

சகோதரிகளே, எங்கள் டிஜிட்டல் கமெராவில் எடுத்த படங்களில் எல்லாம் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி. உம்மாவின் வெள்ளை முக்காட்டிலும் அது விழுந்திருந்தது. உம்மாவுக்கு வயது 84. இனி எடுப்பவையாவது தெளிவாக இருக்க வேண்டாமா?

லென்ஸைத் துடைத்தும் போகவில்லை. தூசு உள்ளே, சென்ஸரின் மேல்!

பெட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்தேன். இடையில் தீர்ந்தால், மேலே உயர்ந்து நிற்கும் கண்ணாடி கீழே விழுந்துவிடும். மெனுவில் சுத்தம் செய்யும் பகுதியைத் தெரிவு செய்து, லென்ஸைக் கழற்றி, வாயால் ஊதக் குனிந்தேன்.

"வாப்பா, எச்சில் தெறிக்கும்!" மகள் தடுத்தாள். பொறுமையைப் பாடமாக நடத்துபவன் வெட்கிப்போனேன்.

கமெராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ஊதியின் முனை உள்ளே படாமல் நான்கு தரம் காற்றடித்தேன். பிறகு எஃப் 16இல் வானத்தைப் படமெடுத்தோம். புள்ளி இல்லை.

நீங்களும் செய்யலாம். ஆனால் வாயால் ஊதாதீர்கள். சேலைத் தலைப்பால் தொடவே தொடாதீர்கள்.