அடியானின் உரிமை

மன்னிப்பு என்னும் சொல்லைக் குழந்தைகள் விரைவில் கற்றுக்கொள்கின்றனர். அதன் பொருளைக் கற்பிப்பதே கடினம். கோட்டைப்பட்டினத்து மதரஸாவில் பல்லாண்டுகளாக ஓதிக்கொடுத்து வரும் எனக்கு இது அன்றாட அனுபவம்.

ஒரு முஹர்ரம் மாதம் ஆஷூரா நோன்பின் வரலாற்றை விளக்கினேன். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா சென்றபோது, மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடமிருந்து மீட்கப்பட்ட நாளென யூதர்கள் நோன்பிருக்கக் கண்டார்கள் என்றேன். "அவர்கள் இப்போதும் பத்தாம் நாள் நோன்பு வைக்கிறார்களா, ஹஜ்ரத்?" என்றான் ஒரு மாணவன்.

வைக்கிறார்கள். அவர்களுடைய திஷ்ரி மாதத்தின் பத்தாம் நாள் 'யோம் கிப்பூர்' என்னும் பாவநிவர்த்தி நாள். ஏறத்தாழ 25 மணி நேரம் உண்ணாது பருகாது இறைவனிடம் இறைஞ்சுவர். நமக்கு அண்டையிலுள்ள கொச்சியில், 1568-இல் எழுந்த மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடத்திலும் தலைமுறை தலைமுறையாக இந்நோன்பு நோற்கப்பட்டது.

அந்நாளுக்கு அவர்களுடைய மிஷ்னா என்னும் சட்டத்தொகுப்பு விதிக்கும் நிபந்தனை கேட்டு மாணவர் வியந்தனர். இறைவனுக்குச் செய்த பிழையை அந்நாள் போக்கும். மனிதனுக்குச் செய்த பிழையையோ, அவனைச் சமாதானம் செய்யும் வரை போக்காது. ஹக்குல்லாஹ், ஹக்குல் இபாத் என்று நாம் ஓதும் பாடமன்றோ இது!

குர்துபாவில் பிறந்து, 1204-இல் மிஸ்ரில் மறைந்த யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன் இதை மேலும் விரித்தார். பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் போதாது. நேரில் சென்று பொறுக்கக் கேட்க வேண்டும். மறுத்தால் மூவரை அழைத்துச் செல்ல வேண்டும். மும்முறை அவ்வாறு சென்றும் இணங்காவிடில் மறுத்தவனே குற்றவாளி. ஆனால் அவர் தன் ஆசிரியராயின் ஆயிரம் முறையும் செல்ல வேண்டும் என்றதும் பிள்ளைகள் என்னைப் பார்த்து நகைத்தனர். ஆயிரம் முறை அலைய வைப்பவன் ஆசிரியனாவானா என்று எண்ணிக்கொண்டேன்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வீடு வீடாகச் சென்று, "ஏதும் தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பது நம் அழகிய வழக்கம். ஆயினும் அந்த 'ஏதும்' என்ற சொல்லுக்குள் திருப்பித் தராத கடனும், நகர்த்திய வேலியும், பேசாதிருந்த ஆண்டுகளும் ஒளிந்துகொள்கின்றன. அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்பவர் சிலரே. அருகில் நிற்கும் பிள்ளைகள் இதையும் கற்கின்றனர்.

ஆகவே வகுப்பில், பென்சிலை எடுத்தவன் "எடுத்தேன்" என்று சொல்லி, அதைத் திருப்பிக் கொடுத்து, பிறகே பொறுக்கக் கேட்க வேண்டும் என்கிறேன். இழந்தவனை உடனே மன்னிக்கும்படி அதட்டுவதில்லை. மன்னிப்பது அவன் உரிமை. மனம் கனிய அவகாசம் வேண்டும். யூஸுஃப் (அலை) அவர்கள் தம் சகோதரர்களைக் கண்டிக்காமல் மன்னித்ததும், அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னரே.

தொழுகையும் நோன்பும் கொண்டு வந்தும், பிறருக்கு இழைத்த அநீதிக்கு அந்நன்மைகளை ஈடாகக் கொடுத்து வறியவனாக நிற்பவனைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். பெற்றோரே, அந்த வறுமையிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் பாடம் வீட்டிலேயே தொடங்கட்டும். மகனைக் காரணமின்றி அடித்த தந்தை, "உன்னை அடித்தது தவறு" என்று அவனிடம் சொல்லட்டும். அதனால் தந்தையின் மதிப்புக் குறையாது. மகனுக்கோ அது ஆயுள் முழுதும் நிலைக்கும் கல்வி.