விலை பகர்தல்

'விற்பனை' என்னும் சொல்லை நாள்தோறும் ஆள்கிறோம். அதன் வேர் 'வில்' என்னும் வினை. 'விலை' என்னும் பெயரும் அவ்வேரில் கிளைத்ததே. மலையாளத்தின் 'வில'யும் தெலுங்கின் 'வெல'யும் கன்னடத்தின் 'பெலெ'யும் அதன் உடன்பிறப்புகள். 'வியாபாரம்' வடமொழியிலிருந்து வந்தது; அங்கே அதற்குத் தொழில், அலுவல் என்பது பொருள். நம்மிடையே அது வாங்கி விற்பதையே சிறப்பாகக் குறிக்கலாயிற்று.

விலை என்றதும் நமக்குப் பணம் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழர்க்கு விலை என்பது பொருளுக்கு ஈடாகப் பெறும் எதுவும்தான். பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகள் மோரைக் கொடுத்து உணவுப்பொருள் பெறுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை ஏற்காமல் எருமையும் பசுவும் பெறுகிறாள்.

விற்றலைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் என்னை மிகவும் ஈர்த்தது 'பகர்தல்'. இன்று அதற்குச் 'சொல்லுதல்' என்ற பொருளே எஞ்சியிருக்கிறது. முன்பு விற்றலும் அதன் பொருள். புகாரின் வீதிகளில் சுண்ணமும் சாந்தும் மலரும் விற்றுத் திரிந்தவர்களைச் சிலப்பதிகாரம் 'பகர்வனர்' என்கிறது. அதே நகரத்து வணிகர்கள் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடாமலும் பண்டங்களைப் பகர்ந்தனர் என்று போற்றுகிறது பட்டினப்பாலை. ஒரே சொல் இரு பொருளையும் தாங்கி நின்றதில் ஓர் அறமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விற்பவன் வாய்திறந்து சொல்ல வேண்டும். அவன் சொல்வது ஊரார் காதில் விழ வேண்டும். வணிகத்தைப் பற்றிய குறளை வள்ளுவர் 'நடுவு நிலைமை' அதிகாரத்தில் வைத்ததும் இங்கே எண்ணத்தக்கது.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சிறுவயதில் கண்டேன். வறட்சி மிகுந்த ஓர் ஆண்டில் எங்கள் பசுவைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றார் தந்தையார். நானும் உடன் சென்றேன். தரகர் இருவர் ஒரு துண்டுக்குள் கைகளை மறைத்து, விரல்களைப் பிடித்தே விலை பேசினார்கள். ஒரு சொல்லும் வெளிவரவில்லை. பேச்சு முடிந்தபின் தந்தையாரின் கையில் பணம் வைக்கப்பட்டது. தம் பசுவுக்குத் துண்டின் அடியில் எத்தனை விரல்கள் மடங்கின என்பதை அவர் இறுதிவரை அறியவில்லை. பசு திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே சென்றது.

அந்தப் பசுவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அம்மா, "மாட்டைக் குடுத்துட்டோம்" என்பாரேயன்றி 'விற்றுவிட்டோம்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. இது அவருடைய வழக்கம் மட்டுமன்று. "கத்தரிக்காய் என்ன விலைக்குக் கொடுக்கிறாய்?" என்றுதான் நாம் கேட்கிறோம். பணம் கைமாறினாலும் அங்கே நிகழ்வது ஒரு கொடுத்தல் என்று நம் பேச்சுவழக்கு கருதுகிறது. ஆனால், மனிதனைப் பற்றி 'விலை போய்விட்டான்' என்று சொல்லும்போது அதே மொழி இரக்கம் காட்டுவதில்லை. எதை விற்கலாம், எதை விற்கலாகாது என்பதை அது தெளிவாகவே அறிந்திருக்கிறது.

விளைவித்தவனே தன் பொருளுக்கு விலை சொல்ல இயலாத நிலை இன்றும் முற்றிலும் மாறிவிடவில்லை. தக்காளியைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிறர் சொல்லும் விலைக்காகக் காத்து நிற்கும் உழவர்கள் எத்தனையோ பேர்! 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டபோது, அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவைக்கும் முறையும் வந்தது. எழுதிய விலையும் ஒருவகைப் பகர்தலே. பலர் அறியச் சொல்லக் கூசும் விலை நேர்மையான விலையாக இருக்க முடியாது. பகர்தல் என்னும் சொல் தன் பழம்பொருளை இழந்துவிட்டது. அச்சொல் காத்த அறத்தையாவது நாம் இழக்காதிருப்போம்.